ட்வின் பிளேட் வேண்டாம் என்று முடிவு செய்தேன்

டிரிஃப்ட் வண்டி (வளைவில் வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டும் வண்டி) வைத்திருப்பவர்கள் நாலு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால் இரண்டாவது தே தாரிக் வருவதற்குள் பேச்சு கிளட்சுக்கு, அதாவது இன்ஜினையும் கியர் பெட்டியையும் சேர்த்துப் பிரிக்கும் சாமானுக்கு, வந்துவிடும். "ட்வின் பிளேட் போட்டுடு மச்சான், ஒரே செலவு, அப்புறம் தலைவலியே இல்ல" என்று ஒருவன் சொல்வான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ட்வின் என்றால் கிளட்சில் உராயும் தட்டு இரண்டு. என் வண்டியில் இருப்பது ஒரே தட்டு உள்ள சிங்கிள் பிளேட். காசு இல்லாமல் சிங்கிள் பிளேட் போட்டேன் என்றுதான் பாதிப்பேர் நினைக்கிறார்கள். டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டிக் காட்டி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் லிங்க் அனுப்பினால் போதும்.

முதலில் வண்டி. நிசான் செஃபிரோ ஏ31. 1988-இலிருந்து 1994 வரை வந்த மாடல். நான் சின்னப் பையனாக இருந்தபோது கிள்ளானில் இதை ஓட்டியவர்கள் மேனேஜர்கள், டாக்டர்கள். இன்று இது டிரிஃப்ட் பையன்களின் வண்டி. பின் சக்கர டிரைவ். சஸ்பென்ஷன் அமைப்பு எஸ்13 சில்வியாவுக்கும் ஆர்32 ஸ்கைலைனுக்கும் நெருங்கிய சொந்தம், அதனால் சாமான் கிடைக்கும். வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 2,670 மில்லிமீட்டர். எஸ்13 வெறும் 2,475. இந்த நீளத்தால் செஃபிரோ சறுக்க ஆரம்பித்தபின் நிதானமாகவே திரும்பும், பழகுபவனுக்கு யோசிக்க நேரம் கொடுக்கும்.

இன்ஜின் ஆர்33 ஸ்கைலைன் ஹாஃப்கட்டிலிருந்து (ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பும் பழைய வண்டி) எடுத்த ஆர்பி25டிஇடி, அதனோடு வந்த ஐந்து கியர் பெட்டி. ஜப்பானிலிருந்து வரும்போது அதன் கணக்கு 250 குதிரைத்திறன், 294 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஒரிஜினல் டர்போவின் டர்பைன் சக்கரம் செராமிக். பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) ஏற்றினால் என்றைக்காவது உடைந்து சைலன்சர் வழியாகப் போய்விடும். அதனால் டர்போவை முன்பே மாற்றியாகிவிட்டது. டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் மெஷினில்) இப்போது ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர். பெரிய எண் இல்லை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

ஹாஃப்கட்டோடு வந்த பழைய கிளட்ச் சாலையில் ஒழுங்காகத்தான் இருந்தது. டிராக்கில் மூன்றாவது கியரில் கிக் அடித்தால் மட்டும் ஆர்பிஎம் ஊசி ஏறும், பின் டயர் அதே வேகத்தில் சுற்றும், உள்ளே கருகிய வாடை வரும். கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். இன்ஜினின் சாதாரண டார்க்கைத் தாங்குகிறது, கிக்கைத் தாங்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

கிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: வளைவுக்குள் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரை விடாமல் கிளட்சை ஒரு கணம் மிதித்து விடுவது. மிதித்த கணத்தில் சுமை இல்லாத இன்ஜின் எகிறுகிறது. விட்டதும் அந்த எகிறிய வேகம் முழுவதும் ஒரே அடியாகப் பின் சக்கரத்தில் விழுகிறது, டயர் பிடி விடுகிறது, வண்டியின் பின்பக்கம் வெளியே போகிறது. டிரிஃப்டைப் பிரபலமாக்கிய ஜப்பானிய ஓட்டுநர் சுச்சியா கெய்ச்சி காலத்து டொயோட்டா ஏஇ86 போன்ற சக்தி குறைந்த வண்டிகளில் இது இல்லாமல் பின்பக்கத்தை வெளியே தள்ளுவது கஷ்டம். 400 நியூட்டன் மீட்டர் இருந்தாலும் சறுக்கும் கோணம் குறையும்போது நானும் இதைத்தான் செய்கிறேன்.

இந்த அடியில் இன்ஜினின் டார்க் மட்டும் இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் கிராங்க், அதன் பின்முனையில் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீல், கிளட்ச் தட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட் எல்லாம் வேகம் குறைந்தாக வேண்டும், அவற்றில் சேர்ந்திருந்த சக்தி எங்காவது போயாக வேண்டும். அவற்றின் நிலைமத் திருப்புத்திறனை (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவை) 0.15 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு விநாடியில் 2,000 ஆர்பிஎம் இறங்கினால் அதற்கு மட்டும் 314 நியூட்டன் மீட்டர். இன்ஜினின் 400-ஐயும் சேர்த்தால் 700-க்கு மேல். டைனோ காட்டிய எண்ணைப் பார்த்துக் கிளட்ச் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம் கிளட்ச் பக்கக் கணக்கு. ஒரு கிளட்ச் தாங்கும் டார்க் நாலு விஷயங்களின் பெருக்கல்: லைனிங்கின் (தட்டில் உராயும் பரப்பு) உராய்வு எண், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஒரு பிளேட் என்றால் இரண்டு முகம், ட்வின் என்றால் நாலு. 240 மில்லிமீட்டர் பிளேட்டுக்குச் சராசரி ஆரம் சுமார் 0.1 மீட்டர். அழுத்தம் 700 கிலோ, அதாவது சுமார் 7,000 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டால், உராய்வு எண் 0.3 சுற்றி இருக்கும் ஆர்கானிக் லைனிங் 420 தாங்கும். சூடானால் அதுவும் குறையும். அதே அழுத்தத்தில் 0.4 உள்ள செராமிக் பட்டன் பிளேட் 560 தாங்கும். அதையே ட்வின் ஆக்கினால் 1,120. (ட்வின் பிளேட் செட்கள் பெரும்பாலும் விட்டம் குறைவானவை, அதனால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும்.)

ட்வின்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். 700 வருகிறது, உன் கிளட்ச் 560 தான் தாங்கும் என்கிறாய், பிறகு என்ன? என்னுடைய பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கிளட்ச் எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் ஒரு நியூட்டன் மீட்டர்கூட கியர் பெட்டிக்குப் போகாது. மிச்சம் வந்தால் கிளட்ச் கண நேரம் வழுக்கி அதைச் சூடாக மாற்றிவிடும். நன்றாகத் தேர்ந்தெடுத்த கிளட்ச் ஒரு ஃபியூஸ். 560 உள்ள கிளட்சோடு நான் கிக் அடித்தால் அடி சற்றே நீண்டு மென்மையாகிறது. டயர் எப்படியும் பிடி விடுகிறது. மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். 1,100 தாங்கும் கிளட்ச் என்றால் முழு அடியும் மூன்றாவது கியரின் பல்லுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஆக்ஸிலுக்கும் போகும். எது முதலில் உடையும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆர்33 கியர் பெட்டி, ஆர்பி20 என்ற சின்ன இன்ஜினோடு வரும் சின்னப் பெட்டியைவிட எவ்வளவோ பலமானதுதான். ஆனால் ஒரு காலத்தில் ஹாஃப்கட்டோடு இலவச இணைப்பு மாதிரி வந்தது, இப்போது அதன் விலையைக் கேட்டால் தவுக்கே (கடை முதலாளி) கால்குலேட்டரைத் தட்டி நம் பக்கம் திருப்பிக் காட்டுகிறார், வாயால் சொல்வதில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் சில நூறு வெள்ளி. கியர் பெட்டி போனால் அந்த வருஷம் டிராக் பக்கமே போக முடியாது. எனக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆர்கானிக் லைனிங்கிலேயே அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் போட்டால் என்ன என்று பட்டறை அண்ணன் கேட்டார். சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டி என்றால் அது நல்ல யோசனை; நிஸ்மோவின் காப்பர்மிக்ஸ் போல செம்பு கலந்த லைனிங்குகளுக்கு அதனால்தான் இவ்வளவு பெயர். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, தொடர்ந்து கிக் அடித்துச் சூடானபின் பிடி குறைவது. இன்னொன்று, அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும், அந்தக் கனம் காலோடு நிற்பதில்லை. ஆர்33-இன் கிளட்ச் புஷ் டைப். நீங்கள் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பிரஷர் பிளேட்டை அமுக்கி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாப்ட்டையும் சேர்த்து முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்பது த்ரஸ்ட் பேரிங் என்ற மெல்லிய உலோகத் துண்டு. கனமான பிரஷர் பிளேட்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் கிக் அடிப்பவன் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அழுத்தத்தை அளவோடு வைத்து உராய்வு எண்ணைக் கூட்டுவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. செராமிக் பட்டன், அழுத்தம் கொஞ்சமே கூடியது, நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப். ஸ்பிரிங் இல்லாத ஹப் எடை குறைவு, ஆனால் அடியை வாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை. கியர் பெட்டியைக் காப்பாற்ற நினைப்பவன் அதை வாங்குவதில் அர்த்தம் இல்லை.

ஃப்ளைவீலையும் லேசானதாக மாற்றச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். லேசான ஃப்ளைவீல் போட்டால் இன்ஜின் சட்டென்று எகிறும், காதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் கிக்கில் வேலை செய்வது சேர்ந்திருக்கும் சக்திதானே. எடையைக் குறைத்தால் அதுவும் குறையும், கிக் சப்பையாகும், வளைவின் நடுவில் காலை லேசாக எடுத்தாலே ஆர்பிஎம் விழும். டர்போ வண்டியில் அது விழுந்தால் பூஸ்ட்டும் விழும். ஒரிஜினல் ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தை மட்டும் சீவி வாங்கிக்கொண்டேன். சூட்டில் வந்த நீலப் புள்ளிகள் போயின, மயிரிழை விரிசல் எதுவும் இல்லை. பணமும் மிச்சம்.

இனி இந்த வேலையின் உண்மையான தலைவலி. இதைப் பற்றித்தான் மாமாக் கடையில் யாரும் பேசுவதில்லை.

கிளட்ச் செட்டைப் பெட்டியோடு கொடுத்த கடைக்காரர் "எல்லாம் இருக்கு பாஸ், அப்படியே மாட்டலாம்" என்றார். திறந்து பார்த்தால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், சென்டர் செய்யும் பிளாஸ்டிக் குச்சி. ரிலீஸ் பேரிங் உட்காரும் ஸ்லீவ் இல்லை. பழைய ஸ்லீவையே போட்டுக்கொள்ளலாம் என்று போனில் சொன்னார். போட முடியுமா என்பது புதிய பிரஷர் பிளேட்டின் நடுவில் பேரிங் அமுக்கும் ஸ்பிரிங் விரல்கள் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. புஷ் டைப் நிசான்களில் வேலை செய்த பழைய ஆட்களிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு, 92 மில்லிமீட்டர் கணக்கு. ஃப்ளைவீலில் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் முழுதாக முறுக்கிவிட்டு, ஃப்ளைவீல் முகத்திலிருந்து விரல் நுனிவரை அளக்க வேண்டும். பிறகு ஸ்லீவில் பேரிங்கின் முகத்திலிருந்து, அதைத் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க் தொடும் இடம்வரை அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 92 வர வேண்டும்.

எனக்கு 97 வந்தது. வெர்னியரைத் துடைத்துவிட்டு அண்ணன் மறுபடி அளந்தார். அதே 97.

ஐந்து மில்லிமீட்டர்தானே என்று மாட்டியிருந்தால் என்ன ஆகும்? ஃபோர்க் வெளிப்பக்கம் தள்ளிப்போய் அந்த ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் முழுதாக உள்ளே அழுந்திவிடும். அதற்குமேல் ஃபோர்க் பின்வாங்க இடம் இல்லாததால் பேரிங் எந்நேரமும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பெடலைத் தொடாமலே கால்வாசி மிதித்த நிலை. புத்தம் புதுக் கிளட்ச் வழுக்கும், சாமான் மட்டம் என்று கம்பெனியைத் திட்டுவோம். குறைவாக இருந்தால் இதற்கு நேர்மாறு: பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது, ரிவர்ஸ் போடும்போது பற்கள் கத்தும். "இந்தக் கிளட்ச் சரியில்லை" என்று நான் கேட்ட கதைகளில் பாதிக்கு மேல் இந்த உயரப் பிரச்சினைதான் என்று இப்போது நினைக்கிறேன். நிசானுக்கு ஸ்லீவ் பல உயரங்களில் கிடைக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் குட்டையான ஒன்றைத் தேடி வாங்கும்வரை வண்டி லிஃப்ட்டிலேயே தொங்கியது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் வண்டியைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

வேறு ஹாஃப்கட் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஆர்34 டர்போ வண்டிகளில் வருவது புல் டைப், விரல்களை அமுக்காமல் இழுத்து விடுவிப்பது. ஆர்32 ஜிடி-ஆரில்கூட ஆரம்பத்தில் வந்தவை புஷ், பிறகு வந்தவை புல். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. 92 கணக்கும் புஷ் டைப்புக்கு மட்டும்தான்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கியர் லீவரை உள்ளிருந்து எடுத்து, ப்ராப்பெல்லர் ஷாப்ட்டை இறக்கி, பின்னால் எண்ணெய் ஒழுகாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, ஸ்டார்ட்டரைக் கழற்றி, பெல் ஹவுசிங் (பெட்டி இன்ஜினோடு சேரும் கூடு) போல்ட்டுகளுக்கு வர வேண்டும். மேலே உள்ள போல்ட்டுகள் கைக்கு எட்டாது. எக்ஸ்டென்ஷன்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பின்பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் சுலபம். பெட்டி ஓர் ஆள் தூக்கும் கனம் இல்லை, கியர் பெட்டி ஜாக் இல்லாமல் நெஞ்சில் வாங்கும் வீரம் வேண்டாம்.

கிராங்க்கின் பின்முனையில் இன்புட் ஷாப்ட்டின் நுனியைத் தாங்கும் பழைய பைலட் புஷ்ஷை எடுக்க ரொட்டி போதும். ரொட்டித் துண்டுகளை புஷ்ஷின் துளையில் திணித்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினால், உள்ளே போக இடமில்லாத ரொட்டி புஷ்ஷைப் பின்னாலிருந்து வெளியே தள்ளிவிடும். கிரீஸிலும் செய்யலாம், ஆனால் அது முகத்தில் தெறிக்கும். பட்டறைப் பையனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. புஷ் வெளியே வந்ததும் மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பெட்டி கீழே இருக்கும்போதே கிராங்க்கின் பின் சீலையும் மாற்றிவிட்டோம். அது மலிவு; பின்னால் ஒழுகி லைனிங்கில் எண்ணெய் பட்டால் மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். டயல் கேஜ் வைத்துக் கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தையும் அளந்தோம், அளவுக்குள் இருந்தது. பிளேட் எந்தப் பக்கம் என்பதை இரண்டு பேர் பார்த்தோம். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று என்று முறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச். இன்புட் ஷாப்ட்டின் ஸ்ப்லைனில் (பிளேட் மாட்டும் பற்களில்) கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். அதிகமானால் தெறித்து லைனிங்குக்குப் போகும்.

பெட்டியை மேலே ஏற்றும்போது ஒரு கட்டத்தில் இரண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. நான் போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாமா என்று கேட்டேன். அண்ணன் ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இழுக்கக் கூடாது தம்பி. தானா உட்காரணும். உட்காரலேன்னா ஏதோ நேரா இல்லேன்னு அர்த்தம்." இன்புட் ஷாப்ட் பிளேட்டுக்குள் இருக்கும்போது பெட்டியின் கனத்தை அதில் தொங்கவிட்டால் ஹப் வளைந்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். ஜாக்கை மயிரளவு சாய்த்து, பின்னால் ஃபிளாஞ்சைக் கையால் மெல்லச் சுற்றியதும் டக் என்று உட்கார்ந்தது.

பிரேடட் ஹோஸ், புது டாட் 4 ஆயில், காற்று எடுத்து, பெடலில் சிறிது வெற்று ஆட்டம் விட்டுச் சரிசெய்தோம். முதல் ஸ்டார்ட்டில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. அளந்தது வீண்போகவில்லை.

புஸ்பாக்கோம் வண்டிப் பரிசோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே எல்லாம் முடித்து இன்ஜின் மாற்றத்தைப் பதிந்த வண்டி என்பதால் சாலையிலேயே பிளேட்டைப் பழக்கினேன். தொழிற்பேட்டைச் சாலையில் நின்று நின்று கிளம்பினால் போதும், பூஸ்ட் வேண்டாம். ஃபெடரல் ஹைவே ஜாமில் மாட்டியபோதுதான் செராமிக்கின் மறுபக்கம் தெரிந்தது. ஆர்கானிக் மாதிரி மெல்ல மெல்ல விட முடியாது, பாதிப் பிடியில் வண்டி உதறும். பக்கத்தில் மைவி கார் ஓட்டிய அக்கா, எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றே முடிவு செய்திருப்பார். தினமும் வேலைக்கு இதை ஓட்டிப்போகும் திட்டம் இருந்தால் செராமிக் வேண்டாம்.

கம்போங் காஜாவில் டத்தோ சாகோர் டிராக்குக்குக் கொண்டுபோனதும் அந்த உதறலை மறந்துவிட்டேன். மூன்றாவது கியரில் கிக் அடித்தால் உடனே பிடிக்கிறது, மதிய வெயிலிலும் பிடி மாறவில்லை. பெடல் பழையதைவிடக் கொஞ்சம்தான் கனம், மாலையில் இடது கால் நடுங்கவில்லை. அன்று ட்வின் பிளேட் போட்டிருந்த நண்பனின் சில்வியா ஐடிலில் கடகடத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. அவன் இன்ஜின் 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டியது, அவனுக்கு ட்வின்தான் சரி. அதற்குத் தகுந்த கியர் பெட்டியும் போட்டிருக்கிறான். 400-இல் இருப்பவர்கள் அவனைப் பார்த்து வாங்குவதுதான் எனக்குப் புரியாதது.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இந்தக் காலத்து நிசான்களில் கனமான கிளட்ச் போட்டபின் பெடல் பிராக்கெட்டின் ஸ்பாட் வெல்டுகள் விட்டுப்போவதும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தகடு) வளைவதும் சகஜம். யாரையாவது பெடலை மிதிக்கச் சொல்லி, பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். அது முன்னால் நகர்ந்தால் ஃபயர்வால் வளைகிறது என்று அர்த்தம். என்னுடையது லேசாக நகர்கிறது. அடுத்த தடவை அண்ணன் பட்டறையில் லிஃப்ட் காலியாக இருக்கும்போது ஒரு பிளேட் வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும்.